ஊசிமுனையிலிருந்து இல்லறத்திற்கு: ஹெப்படைட்டிஸ் பி துணைவரிடையே பரவுதல் குறித்த மருத்துவ அறிவின் வரலாறு (1885 – 1982)

ஆய்வுச் சுருக்கம்

கல்லீரல் அழற்சி நோய்களுள் ஒன்றான ஹெப்படைட்டிஸ் பி, ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் ஊசியால் பரவும் நோயாகவே மருத்துவ உலகில் அறியப்பட்டிருந்தது. கணவன் மனைவியரிடையேயும் பிற துணைவரிடையேயும் உடலுறவின்வழி அது பரவும் என்பது 1970களில்தான் உறுதிபெற்றது. இத்தாமதத்திற்கு ஆய்வுக்கருவி இன்மை ஒரு காரணம். நோய்க்கு இடப்பட்ட ‘சீரம் காமாலை’ என்னும் பெயரும், மஞ்சள் நிறம் கண்டபின்னரே நோயை நோயாகக் கொள்ளும் வழக்கமும் அதற்கு இணையான பிற காரணங்கள் என்பதை 1885 முதல் 1982 வரையிலான மருத்துவ நிகழ்வுகளைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஹெப்படைட்டிஸ் பி, சீரம் காமாலை, ஆஸ்திரேலியா ஆன்டிஜென், துணைவர்வழித் தொற்று, தொடக்க அறிகுறிகள், மருத்துவ வரலாறு.

முன்னுரை

ஒரு நோயின் பெயர் அந்நோயைச் சுட்டுவதோடு நின்றுவிடுவதில்லை; அதனை எங்கே தேடவேண்டும் என்பதையும் மருத்துவருக்குச் சொல்லிவிடுகிறது. ஊசியின் பெயரால் அறியப்பட்ட நோயை ஊசி போட்டுக்கொண்டவரிடமே மருத்துவர் தேடுவர். நிறத்தின் பெயரால் அறியப்பட்ட நோயை நிறம் மாறியவரிடமே காண்பர். இவ்விரண்டு பெயர்களையும் ஒருங்கே பெற்றது ஹெப்படைட்டிஸ் பி. ஊசியும் போட்டுக்கொள்ளாமல், நிறமும் மாறாமல், தம் துணைவரிடமிருந்து நோயைப் பெற்றவர்கள் இப்பெயர்களின் எல்லைக்கு வெளியே நின்றனர். அவர்கள் மருத்துவ அறிவின் எல்லைக்குள் எவ்வாறு வந்துசேர்ந்தனர் என்பதே இக்கட்டுரையின் வினாவாகும்.

1. பிரேமன் நகரமும் ஊசிவழிப் பரவலும்

இந்நோயின் முதல் தெளிவான பதிவாகக் கொள்ளப்படுவது ஜெர்மனியின் பிரேமன் நகரில் நிகழ்ந்ததாகும். 1883ஆம் ஆண்டு அங்கிருந்த கப்பல் கட்டும் தளத்தின் பணியாளர்கள் 1,289 பேருக்கு, மனிதரிடமிருந்து எடுக்கப்பட்ட நிணநீரைக் கொண்டு பெரியம்மைத் தடுப்பூசி குத்தப்பட்டது. அவர்களுள் 191 பேருக்குச் சில வாரங்கள் முதல் எட்டுத் திங்கள் வரையிலான இடைவெளியில் காமாலை கண்டது. வேறு தொகுதி நிணநீரைப் பெற்றவர்களுக்கு அவ்வாறு நேரவில்லை. இதனை ஆராய்ந்த லூர்மன் என்னும் மருத்துவர் 1885இல் தம் முடிவுகளை வெளியிட்டார். காமாலைக்குக் காரணம் தடுப்பூசியில் கலந்திருந்த ஏதோ ஒரு பொருளே என்பது அவர் கருத்து. நச்சுயிரி என்னும் கருத்தே உருப்பெறாத காலத்தில், யாருக்கு எந்தத் தொகுதி குத்தப்பட்டது என்னும் கணக்கை மட்டும் துணைக்கொண்டு அவர் இம்முடிவை எட்டியமை குறிப்பிடத்தக்கது.

இதே முறை இரண்டாம் உலகப்போரின்போது மிகப்பெரிய அளவில் மீண்டும் நிகழ்ந்தது. 1942இல் அமெரிக்கப் படைவீரர்களுக்குப் போடப்பட்ட மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியில் நிலைப்பொருளாக மனிதச் சீரம், அதாவது குருதி உறைந்தபின் பிரியும் தெளிநீர், சேர்க்கப்பட்டிருந்தது. அச்சீரத்தின் சில தொகுதிகளில் நோய்க்கிருமி கலந்திருந்தது. ஏறத்தாழ 50,000 வீரர்கள் காமாலையால் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். அன்று தொற்றுக்கு உள்ளானோர் ஏறத்தாழ 3,30,000 பேர் இருக்கலாம் என்றும், அத்தொற்று ஹெப்படைட்டிஸ் பி என்றும் 1987இல் வெளிவந்த குருதி ஆய்வு காட்டியது.

இவ்விரு எண்களையும் அருகருகே வைத்து நோக்கும்போது ஓர் உண்மை புலனாகிறது. தொற்றுக்குள்ளானவர்களுள் மிகப் பெரும்பாலோர் நோயாளிகளாக அறியப்படவே இல்லை. ஆயின் இவ்வுண்மை 1942இல் எவருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அன்று கண்ணுக்குத் தெரிந்தவை ஊசியும் மஞ்சள் நிறமுமே ஆகும்.

2. பால்வினை நோய் மருத்துவமனைகள்: ஒரு முரண்

துணைவர்வழித் தொற்றின் வரலாற்றில் மிகவும் முதன்மையான, ஆயின் போதிய கவனம் பெறாத இடம் பால்வினை நோய் மருத்துவமனையாகும். 1910இல் சிபிலிஸ் நோய்க்கு மருந்தாகச் சால்வர்சான் என்னும் ஆர்சனிக் சேர்மம் நடைமுறைக்கு வந்தது. அது சிரைவழியே செலுத்தப்பட்டது. மருந்து பெற்றவர்களுள் பலருக்குச் சில திங்கள் கழித்துக் காமாலை தோன்றியது. இது ஆர்சனிக்கின் நஞ்சால் விளைவது எனச் சிலரும், சிபிலிஸ் கல்லீரலைத் தாக்குவதால் விளைவது எனச் சிலரும் கருதினர்.

1943இல் இக்கருத்துகள் மாறின. டப்ளினைச் சேர்ந்த பிக்கர் என்னும் ஆய்வாளர், ஒரே பீற்றுக்குழலைச் சரிவரத் தூய்மை செய்யாமல் பலருக்கும் பயன்படுத்துவதால் ஒருவர் குருதி மற்றவர் உடலுள் செல்வதே காமாலைக்குக் காரணம் எனக் கருதினார். அதே ஆண்டு பிரித்தானிய நலவாழ்வு அமைச்சகம் மனிதச் சீரத்தால் விளையும் காமாலை குறித்து ஒரு குறிப்பாணையை வெளியிட்டது. 1944இல் சாலமன் முதலியோர் ஒவ்வொரு நோயாளிக்கும் நுண்ணுயிர் நீக்கிய தனிப் பீற்றுக்குழலைப் பயன்படுத்திக் காமாலையைத் தடுக்கமுடியும் எனக் காட்டினர்.

மருத்துவ நடைமுறையைத் திருத்திய அரிய கண்டுபிடிப்பு இது என்பதில் ஐயமில்லை. எனினும் அதன் வெற்றியே மற்றொரு வினாவை மறைத்துவிட்டது. அம்மருத்துவமனைக்கு வந்தவர்கள் அனைவரும் உடலுறவின்வழி ஒரு நோயைப் பெற்றவர்கள். அவர்களுள் சிலர் காமாலைக்குரிய கிருமியையும் அவ்வழியே பெற்றிருக்கக்கூடும். தம் துணைவருக்குக் கொடுத்துமிருக்கக்கூடும். ஆயின் பீற்றுக்குழல் என்னும் விடை கிடைத்தபின் அவ்வினா எழுப்பப்படவில்லை. ஊசிக்கு முன்னும் பின்னும் நோயாளியின் வாழ்க்கை எத்தகையது என்பது ஆய்வின் எல்லைக்குள் வரவில்லை.

3. பெயரிடுதலும் அதன் விளைவும்

1947இல் பிரித்தானிய ஆய்வாளர் மெக்கல்லம் இருவகைக் கல்லீரல் அழற்சிகளை ‘ஏ’, ‘பி’ என்னும் எழுத்துகளால் குறிக்க முன்மொழிந்தார். உணவு, நீர் வழியாகப் பரவுவது ‘ஏ’. குருதி, சீரம் வழியாகப் பரவுவது ‘பி’. எழுத்தால் பெயரிடுவது பரவும் வழியைப் பெயருக்குள் அடைக்காத முறையாகும். ஆயினும் மருத்துவ வழக்கில் ‘தொற்றுக் காமாலை’, ‘சீரம் காமாலை’ என்னும் பழைய பெயர்களே அடுத்த இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நிலைத்தன. ஒன்று ‘தொற்று’ எனப்பட்டதால், மற்றது மனிதரிடமிருந்து மனிதருக்கு இயல்பாகத் தொற்றாதது என்னும் பொருள் தானே விளைந்தது.

இப்பிரிவைக் கலைத்த ஆய்வுகளுள் முதன்மையானது நியூயார்க்கின் வில்லோபுரூக் அரசுப் பள்ளியில் சால் குரூக்மன் நடத்தியதாகும். 1967இல் அவரும் உடனாய்வாளர்களும் வெளியிட்ட கட்டுரை இருவகைத் தொற்றுகளை வேறுபடுத்திக் காட்டியது. முதல் வகைக்கு நோய் அரும்பும் காலம் 31 முதல் 38 நாள்கள். இரண்டாம் வகைக்கு 41 முதல் 108 நாள்கள். ‘சீரம்’ வகையை ஒத்த இரண்டாம் வகையும் ஊசியின்றி நெருங்கிப் பழகும் குழந்தைகளிடையே பரவியமை அவ்வாய்வில் தெரியவந்தது. அறிவுவளர்ச்சிக் குறையுடைய குழந்தைகளுக்கு வேண்டுமென்றே நோய்க்கிருமியைக் கொடுத்து நடத்தப்பட்டமையால், மருத்துவ அறவியலில் இவ்வாய்வு இன்றளவும் கண்டனத்திற்குரிய எடுத்துக்காட்டாகப் பேசப்படுகிறது. அதன் முடிவைப் பயன்கொள்வோர் அம்முடிவுக்கு யார் விலைகொடுத்தனர் என்பதையும் உடன் பதிவுசெய்தல் வரலாற்று நேர்மையாகும்.

4. ஆஸ்திரேலியா ஆன்டிஜெனும் அறிகுறிக்கு முந்தைய நோயும்

துணைவர்வழித் தொற்றை நிறுவுவதற்கு, நோய் வெளிப்படாதவரிடமும் கிருமியைக் காணும் கருவி தேவைப்பட்டது. அதனை அளித்தவர் பரூக் புளும்பெர்க். மக்களினங்களிடையே குருதிப் புரதங்கள் வேறுபடுவதை ஆராய்ந்துவந்த அவர், ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவரின் சீரத்தில் இருந்த புதியதொரு புரதத்தைக் கண்டறிந்து, 1965இல் அதனை ‘ஆஸ்திரேலியா ஆன்டிஜென்’ என்னும் பெயரால் வெளியிட்டார். அதற்கும் கல்லீரல் அழற்சிக்கும் உள்ள தொடர்பு அப்போது அறியப்படவில்லை.

அத்தொடர்பு தெளிவாவதற்குத் துணைநின்ற நிகழ்வுகளுள் ஒன்று நோயின் தொடக்க அறிகுறியோடு நேரடியாகத் தொடர்புடையது. புளும்பெர்க்கின் பிலடெல்பியா ஆய்வகத்தில் பணியாற்றிய பார்பரா வெர்னருக்கு 1967இல் உடல்நலம் குன்றியது. தம் சீரத்தைத் தாமே சோதனைக்கு உட்படுத்தினார். அதற்குமுன் எதிர்மறையாக இருந்த சோதனை, மறுநாள் மங்கிய ஒரு கோட்டைக் காட்டியது. பின்னரே அவருக்குக் காமாலை வெளிப்பட்டது. அவர் நலமும் பெற்றார். இச்சோதனையால் இனங்காணப்பட்ட முதல் கல்லீரல் அழற்சி நோயாளியாக அவர் குறிக்கப்பெறுகிறார். நிறம் மாறுமுன்பே நோயை அறியலாம் என்பதற்கு இந்நிகழ்வு சான்றாயிற்று.

1968இல் ஜப்பானில் ஒகோச்சியும் நியூயார்க்கில் ஆல்ஃபிரட் பிரின்சும் இவ்வான்டிஜெனுக்கும் சீரம் வகைக் கல்லீரல் அழற்சிக்கும் உள்ள தொடர்பை உறுதிப்படுத்தினர். 1970இல் இலண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையின் டேவிட் டேன் தம் குழுவினருடன் நச்சுயிரியின் முழுத் துகளை மின்னணு நுண்ணோக்கியில் கண்டார். புளும்பெர்க் 1976இல் நோபல் பரிசு பெற்றார்.

5. தொடக்க அறிகுறிகளும் ‘காமாலை’ என்னும் சொல்லும்

புதிய சோதனை, நோயின் தொடக்கநிலையை மருத்துவர்கள் மறுபடியும் நோக்கச் செய்தது. நச்சுயிரி உடலுள் புகுந்தபின் 30 முதல் 180 நாள்களுக்குள் அறிகுறிகள் தோன்றலாம். அவை தோன்றும்போது பெரும்பாலும் பொதுவானவையாகவே இருக்கும். உடற்சோர்வு, பசியின்மை, குமட்டல், இலேசான காய்ச்சல், வலப்பக்க மேல்வயிற்றில் கனத்த உணர்வு அல்லது வலி ஆகியன முதலில் வரும். சிலருக்கு மூட்டுவலியும் தோலில் தடிப்பும் ஏற்படும். எதிர்ப்பொருளும் ஆன்டிஜெனும் இணைந்த கூட்டுப்பொருள்களுக்கு இவ்விளைவுகளில் பங்குண்டு என்பதை அல்பெர்ட் முதலியோர் 1971இல் விளக்கினர். இவற்றை அடுத்துச் சிறுநீர் அடர்நிறம் பெறும்; மலம் வெளிறும். கண்ணும் தோலும் மஞ்சளாவது இவற்றிற்குப் பின்னரேயாகும். பெரியவர்களிலும் பாதியளவினரோ அதற்கு மேற்பட்டோரோ இவற்றுள் எதையும் தெளிவாக உணர்வதில்லை.

பரவலைப் பொறுத்தவரை இவ்வரிசை மிக இன்றியமையாதது. முதல் அறிகுறி தோன்றுவதற்குப் பல நாள்கள் முன்னரே நச்சுயிரி குருதியிலும் உடற்சுரப்புகளிலும் இருக்கும். எனவே மஞ்சள் நிறம் கண்டபின் துணைவரை விலக்கி வைப்பது, தொற்று பெரும்பாலும் நிகழ்ந்து முடிந்தபின் எடுக்கும் நடவடிக்கையாகிவிடுகிறது.

தமிழில் இந்நோய் வழங்கும் ‘மஞ்சள் காமாலை’ என்னும் பெயரும் நிறத்தைப் பற்றியதே. உணவுவழி வருவது, குருதிவழி வருவது, பித்தநாள அடைப்பால் வருவது என்னும் வேறுபாடுகளை அச்சொல் காட்டுவதில்லை. பெரியவர்களுக்கு வரும் கடுந்தொற்றில் மஞ்சள் நிறம் பெரும்பாலும் சில வாரங்களில் தானே மறையும். அவ்வேளையில் உண்ட மருந்து எதுவாயினும் அதற்கே பெருமை சேரும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜன் முதலியோர், புளும்பெர்க்கையும் உடனாய்வாளராகக் கொண்டு, கீழாநெல்லி இனம் ஒன்றை நோய்க்கிருமி தாங்கிகளிடம் சோதித்து 1988இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்ட ஆய்வு இங்குக் கருதத்தக்கது. அவ்வாய்வு நிறத்தை அளவுகோலாகக் கொள்ளவில்லை. குருதியில் மேற்பரப்பு ஆன்டிஜென் மறைந்ததா என்பதையே கொண்டது. அதில் நம்பிக்கையளித்த முடிவைப் பிறவிடங்களில் நடந்த பிற்கால ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. எனினும் நாட்டுமருந்து ஒன்றை மதிப்பிடுவதற்கான வினா ‘மஞ்சள் போயிற்றா’ என்பதிலிருந்து ‘கிருமி போயிற்றா’ என்பதற்கு மாறியதை அவ்வாய்வில் காணமுடிகிறது. நிறம் மறைந்தபின்னும் கிருமியைத் தாங்கியிருப்பவர் துணைவருக்குத் தொற்றைத் தரக்கூடும் என்பதால் இம்மாற்றம் மருந்தாய்வோடு மட்டும் நின்றுவிடுவதன்று.

6. துணைவர் ஆய்வுக்குள் வருதல் (1971 – 1980)

ஆன்டிஜென் சோதனை பரவலானவுடன், ஊசியோ குருதியேற்றமோ இல்லாத பலரிடம் ‘சீரம்’ வகைத் தொற்று காணப்பட்டது. ஊசிவழியல்லாத பரவல் குறித்து ஹெர்ஷ் முதலியோர் 1971இல் எழுதினர். இலண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையின் ஹீத்கோட்டும் ஷீலா ஷெர்லாக்கும் அந்நகரில் கடுந்தொற்றுப் பரவும் முறையை 1973இல் ஆராய்ந்து, நெருங்கிய உடல்தொடர்பின் பங்கைச் சுட்டினர்.

அதே 1973இல் ஃபுல்ஃபோர்ட், டேன், கேட்டரால் முதலியோர் இலண்டனில் பால்வினை நோய் மருத்துவமனைக்கு வருவோரிடம் ஆன்டிஜெனையும் எதிர்ப்பொருளையும் தேடினர். குருதிக்கொடையாளர்களைவிட அவர்களிடம் தொற்றின் தடயம் மிகுதியாகக் காணப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்கு முன் பீற்றுக்குழலைக் குற்றவாளியாகக் கண்ட அதே வகை மருத்துவமனையில் இப்போது வேறு வினா எழுப்பப்பட்டமை கருதத்தக்கது. நோயாளிகள் மாறவில்லை, அவர்களிடம் கேட்கப்பட்ட கேள்வி மாறியது.

அடுத்த படி, கிருமி எந்தச் சுரப்பில் உள்ளது என்பதை அறிதல். ஹீத்கோட், கேமரான், டேன் ஆகியோர் 1974இல் உமிழ்நீரிலும் விந்திலும் ஆன்டிஜென் இருப்பதைக் காட்டினர். ஆன்டிஜென் இருப்பது ஒன்று; தொற்றவைக்கும் ஆற்றல் இருப்பது வேறொன்று. இவ்விடைவெளியை விலங்காய்வுகள் நிரப்பின. 1977இல் ஆல்ட்டர் முதலியோர் இச்சுரப்புகளைக் கொண்டு சிம்பன்சிகளுக்குத் தொற்றை உண்டாக்கினர். 1980இல் ஸ்காட் முதலியோர் கிப்பன்களின் பிறப்புவழியில் விந்தைச் செலுத்தி, ஊசியின்றியும் தொற்று நிகழும் என நிறுவினர்.

ஆய்வகத்திற்கு வெளியே கணவன் மனைவியரை நேரடியாக ஆராய்ந்தது ரெடெக்கர் முதலியோர் 1975இல் வெளியிட்ட ஆய்வாகும். கடுந்தொற்றுக்கு உள்ளானவர்களின் வாழ்க்கைத் துணைவருக்கு, நச்சுயிரிக்கு எதிரான எதிர்ப்பொருள் செறிந்த இம்யூனோகுளோபுலினைக் கொடுத்துப் பார்த்தனர். அதனைப் பெற்றவர்களிடம் நோய் வெளிப்படுவது ஒப்பீட்டுக் குழுவினரைவிடத் தெளிவாகக் குறைந்தது. ஒரு மருந்து பயன்தந்தது என்பதோடு இதன் பொருள் முடிவதில்லை. மருந்து தடுப்பதற்குரிய தொற்று ஒன்று இல்லறத்திற்குள் நிகழ்ந்துகொண்டிருந்தது என்பதற்கும் இவ்வாய்வு சான்றாயிற்று.

நியூயார்க் குருதி மையத்தைச் சேர்ந்த வோல்ஃப் ஸ்முனெஸ் 1975இல் பாலியல் நடத்தைக்கும் தொற்றுக்கும் உள்ள தொடர்பை மக்கள்தொகை அளவில் ஆராய்ந்தார். ஒருபால் ஈர்ப்புடைய ஆண்களிடம் தொற்றின் தடயம் மிகுந்திருந்ததை அவர் ஆய்வு காட்டியது. பின்னர் அவர் நடத்திய தடுப்பூசிச் சோதனையில் அம்மக்களுள் 1,083 பேர் தாமே முன்வந்து பங்கேற்றனர். தடுப்பூசி 90 விழுக்காட்டுக்கும் மேலான பாதுகாப்பை அளித்தமை 1980இல் வெளியாயிற்று. வில்லோபுரூக் குழந்தைகளைப்போலன்றி, இவர்கள் விளக்கம் பெற்று இசைந்து பங்கேற்றவர்கள் என்பது இவ்வரலாற்றில் பதியத்தக்க வேறுபாடாகும்.

7. தொற்றின் காலமும் இல்லறத்தின் ஐயமும்

உடலுறவின்வழிப் பரவல் நிறுவப்பட்டதும் புதியதொரு தவறான புரிதலுக்கு இடமேற்பட்டது. ஒருவரிடம் தொற்று கண்டறியப்பட்டால் அவர் ஒழுக்கத்தின்மேல் ஐயம் எழலாயிற்று. இவ்வையத்திற்கு அடிப்படை இல்லை என்பதையும் அதே காலத்து ஆய்வே காட்டியது. தைவானில் கிளாட் ஸ்டீவன்ஸ், பால்மர் பீஸ்லி முதலியோர் தாயிடமிருந்து சேய்க்குத் தொற்று செல்வதை 1975இல் விளக்கினர். பிறப்பின்போது தொற்றுப் பெறும் குழந்தைகளுள் ஏறத்தாழ 90 விழுக்காட்டினரிடம் அது நிலைத்துவிடுகிறது. பெரியவர்களாகித் தொற்றுப் பெறுவோருள் 5 விழுக்காட்டுக்கும் குறைவானவர்களிடமே நிலைக்கிறது.

இவ்விரு விகிதங்களையும் இணைத்து நோக்கினால், மணவாழ்வின் நடுவே ஒருவரிடம் கண்டறியப்படும் நாட்பட்ட தொற்று அவர் பிறந்த நாளிலேயே தொடங்கியதாக இருக்கலாம் என்பது பெறப்படும். ஆன்டிஜென் சோதனை தொற்று உள்ளதைக் காட்டுமேயன்றி, யாரிடமிருந்து, எப்போது வந்தது என்பதைக் காட்டாது. துணைவரைக் காப்பதற்குப் பயன்படவேண்டிய அறிவு, துணைவரைக் குற்றஞ்சாட்டுவதற்குப் பயன்படுமாயின் அது அறிவின் பிழையான பயன்பாடாகும்.

8. அறிவு நடைமுறையாதல்

குருதிப் பிளாஸ்மாவிலிருந்து உருவாக்கப்பட்ட தடுப்பூசிக்கு 1981இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. 1982இல் அந்நாட்டுத் தடுப்பூசி ஆலோசனைக் குழு, தடுப்பூசி பெறவேண்டியவர்களின் பட்டியலில் நோய்க்கிருமி தாங்கிகளின் வீட்டாரையும் உடலுறவுத் துணைவரையும் சேர்த்தது. 1885இல் தடுப்பூசிவழிப் பரவிய நோயாக அறிமுகமான ஒன்று, தடுப்பூசியாலேயே துணைவருக்குப் பரவாமல் தடுக்கப்படும் நிலையை எட்டியது. 1986இல் மனிதக் குருதிப் பிளாஸ்மா தேவைப்படாத, ஈஸ்ட்டில் உருவாக்கப்படும் தடுப்பூசி நடைமுறைக்கு வந்தது.

இன்றைய மருத்துவ அறிவுரை இவ்வரலாற்றின் சாரமே ஆகும். ஒருவரிடம் தொற்று கண்டறியப்பட்டால் துணைவரும் குருதிச் சோதனை செய்துகொள்ளவேண்டும். எதிர்ப்பாற்றல் இல்லையெனில் தடுப்பூசியை முழுமையாகப் பெறவேண்டும். அதுவரை ஆணுறை பயன்படுத்தவேண்டும். நச்சுயிரி உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாள்கள் தொற்றும் ஆற்றலோடு இருக்கக்கூடுமாதலால் சவரக்கத்தி, பல் துலக்கி முதலியவற்றைப் பகிரலாகாது. உடனுண்ணல், ஒரே தட்டில் உண்ணல், கைகோத்தல், தழுவுதல் ஆகியவற்றால் இது பரவுவதில்லை. எனவே தொற்றுடையவரை உணவிலும் உறைவிடத்திலும் ஒதுக்குவதற்கு மருத்துவ அடிப்படை ஏதுமில்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, ஊசிவழிப் பரவல் என்னும் சரியான கண்டுபிடிப்பே துணைவர்வழிப் பரவல் என்னும் மற்றொரு சரியான கண்டுபிடிப்பு காலந்தாழ்வதற்குக் காரணமாயிற்று. ஒரு விடை மெய்யாக இருப்பதால் அதுவே முழு விடையாகிவிடாது என்பதற்குப் பால்வினை நோய் மருத்துவமனைகளின் வரலாறு சான்றாகும். இரண்டாவது, நோயை நிறத்தால் அறியும் வழக்கம், அறிகுறியற்ற காலத்தில் நிகழும் தொற்றைக் கணக்கிற்கு வெளியே நிறுத்தியது. ஆன்டிஜென் சோதனை அதனைக் கணக்கிற்குள் கொண்டுவந்தது. மூன்றாவது, துணைவர்வழித் தொற்றை நிறுவிய அதே பத்தாண்டே தாய்வழித் தொற்றையும் நிறுவியது. இவற்றுள் ஒன்றை மட்டும் அறிந்து மற்றதை அறியாதிருப்பது இல்லறங்களில் வேண்டாத ஐயத்தை விளைவிக்கும்.

‘சீரம் காமாலை’ என்னும் பெயர் மருத்துவ வழக்கிலிருந்து மறைந்துவிட்டது. ‘மஞ்சள் காமாலை’ என்னும் பெயர் தமிழில் இன்றும் வழங்குகிறது. நலவாழ்வு குறித்துத் தமிழில் எழுதுவோரும் கற்பிப்போரும் அச்சொல்லை ஆளும்போது, எவ்வகை அழற்சியைக் குறிக்கின்றனர் என்பதையும், மஞ்சள் தோன்றாமலே அது துணைவருக்குப் பரவக்கூடும் என்பதையும் உடன்சேர்த்துக் கூறுதல் தேவையாகும்.